நாள் தவறாத மருந்து
மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சையும் மாத்திரையும்

அந்தமான் தீவுகளின் தலைநகரம் போர்ட் பிளேர். 2024-ஆம் ஆண்டில் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. அந்த நகரின் ஒரு பகுதி மரைன் ஹில். பெயருக்கு ஏற்ற மேட்டு நிலம். அருகில் கடல். அந்தக் கடலைத் தாண்டினால்தான் சென்னை. தீவு மக்கள் அதை 'மெயின்லேண்டு' என்பார்கள்.

இங்கே வாழும் ஒரு பெண்ணுக்கு மார்பகத்தில் கட்டி வருகிறது. பரிசோதனை செய்கிறார்கள். புற்றுநோய் என்று தெரிகிறது. அறுவை சிகிச்சை நடக்கிறது. கட்டியை எடுத்து விடுகிறார்கள். புண் ஆறுகிறது. "அப்பாடா, முடிந்தது" என்று குடும்பம் மூச்சு விடுகிறது.

ஆனால் மருத்துவர் சொல்கிறார்: "இனிமேல் கதிர் சிகிச்சை எடுக்க வேண்டும். அதன் பிறகு 5 ஆண்டுகள் மாத்திரை சாப்பிட வேண்டும்."

கட்டியைத்தான் எடுத்தாயிற்றே! பிறகு எதற்கு இவ்வளவு? பாதியில் விட்டால் என்ன? வீட்டை விட்டுப் போய்ப் பல வாரம் தங்க முடியுமா? பலரும் கேட்கும் கேள்விகள் இவை. இவற்றுக்கு விடை தெரியாததால் சிலர் சிகிச்சையை நடுவில் நிறுத்தி விடுகிறார்கள். அதுதான் ஆபத்து.

கட்டியை எடுத்த பிறகும் சிகிச்சை ஏன்?

தோட்டத்தில் கோரைப் புல் முளைக்கிறது. அதைப் பிடுங்கி எறிகிறோம். தரை சுத்தமாகத் தெரிகிறது. ஆனால் மண்ணுக்குள் சிறு கிழங்கு ஒன்று தங்கி விட்டால் போதும். ஒரு மழை பெய்ததும் மறுபடி முளைத்து விடும்.

புற்றுநோயும் அப்படித்தான். நம் உடல் கோடிக்கணக்கான செல்களால் ஆனது. புற்றுநோய் செல்கள் மிக மிகச் சிறியவை. கண்ணுக்குத் தெரியாது. சில சமயம் ஸ்கேனிலும் தெரியாது. அறுவை சிகிச்சையில் கட்டி போய் விடும். ஆனால் சில செல்கள் அந்த இடத்திலேயே தங்கியிருக்கலாம். சில செல்கள் இரத்தத்தில் கலந்து வேறு இடத்துக்கும் போயிருக்கலாம்.

அந்த இடத்தில் தங்கியதை அழிக்கக் கதிர் சிகிச்சை. உடலில் எங்கே ஒளிந்திருந்தாலும் அதை அடக்க மாத்திரை. சிலருக்கு ஊசி வழி மருந்தும் தேவைப்படும். அதைக் கீமோ என்பார்கள். யாருக்கு எது தேவை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். எல்லாருக்கும் ஒரே சிகிச்சை இல்லை.

கதிர் சிகிச்சை என்றால் என்ன?

எக்ஸ்ரே எடுப்பது நமக்குத் தெரியும். ஜெர்மனி நாட்டு அறிஞர் ராண்ட்ஜன் 1895-ஆம் ஆண்டில் அந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். அதே வகைக் கதிரை இன்னும் அதிக வலுவோடு, குறி பார்த்துச் செலுத்துவதுதான் கதிர் சிகிச்சை. மக்கள் இதைக் 'கரண்டு வைப்பது' என்று சொல்வார்கள். ஆனால் இதில் உடம்பில் மின்சாரம் பாய்வதில்லை. ஷாக் அடிக்காது.

கதிர் பட்டதும் புற்றுநோய் செல் பழுதாகிறது. அதனால் பெருக முடிவதில்லை. மெல்லச் சாகிறது. பக்கத்தில் உள்ள நல்ல செல்லுக்கும் கொஞ்சம் அடி விழும். ஆனால் நல்ல செல்லுக்குத் தன்னைச் சரி செய்துகொள்ளும் சக்தி அதிகம். அதற்கு நேரம் கொடுக்கத்தான் கதிரை ஒரே நாளில் கொடுக்காமல், தினம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். வாரத்தில் 5 நாள் சிகிச்சை. 2 நாள் ஓய்வு.

மார்பகத்தை முழுவதும் எடுக்காமல், கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் கதிர் சிகிச்சை அவசியம். அதை எடுத்துக்கொண்டால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது.

அடையாறு தந்த வழி

தமிழ்நாட்டில் இந்தச் சிகிச்சைக்குப் பெயர் பெற்ற இடம் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம். அதற்குக் காரணமானவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரத்திலிருந்து ஒரு உறுதி பிறந்தது. 1954-ஆம் ஆண்டில் 12 படுக்கைகளுடன் அந்த மருத்துவமனை தொடங்கியது. 1955-இல் அங்கே பணியில் சேர்ந்தார் டாக்டர் வி. சாந்தா. 2021-இல் இறக்கும் வரை அங்கேயே நோயாளிகளுக்காக வாழ்ந்தார்.

அந்தக் காலத்தில் புற்றுநோய் என்றால் சாவு என்றே மக்கள் நினைத்தார்கள். இன்று நிலைமை வேறு. மார்பகப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, சிகிச்சையை முழுவதும் முடித்தவர்களில் மிகப் பலர் குணமாகி வாழ்கிறார்கள். 'முழுவதும் முடித்தவர்கள்' என்பதுதான் முக்கியம்.

எப்படிக் கொடுப்பார்கள்?

முதல் நாளே கதிர் கொடுக்க மாட்டார்கள். முதலில் திட்டம் போடுவார்கள். சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். கதிர் எங்கே பட வேண்டும், எங்கே படக் கூடாது என்று கணக்குப் பார்ப்பார்கள். தோலில் மையால் கோடு போடுவார்கள். அல்லது சிறு புள்ளி பச்சை குத்துவார்கள். அந்த அடையாளம்தான் வழிகாட்டி. அதைத் தேய்த்து அழிக்கக் கூடாது.

கதிர் கொடுக்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வேண்டும். அறுவைக்குப் பிறகு பலருக்குத் தோள் இறுகிப் போயிருக்கும். கை தூக்க வராது. அதனால் கைப் பயிற்சியை முன்கூட்டியே தொடங்க வேண்டும். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் மெல்ல மேலே ஏற வேண்டும். மருத்துவமனையில் கேட்டு, சொல்லித் தந்தபடி தினமும் செய்யலாம்.

இடது மார்பகத்துக்கு அருகில் இதயம் இருக்கிறது. அதனால் சிலரை மூச்சை நன்றாக இழுத்துச் சிறிது நேரம் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். அப்போது இதயம் கதிரை விட்டு விலகி இருக்கும்.

அறையில் நோயாளி மட்டும் இருப்பார். வெளியில் இருப்பவர்கள் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பேசினால் கேட்கும். கருவி சுற்றும். சத்தம் வரும். வலி இருக்காது. சில நிமிடங்களில் முடிந்து விடும். நடந்தே வெளியே வரலாம்.

எத்தனை நாள்?

தீவிலிருந்து போகிறவர்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. முன்பெல்லாம் 25 நாள் கொடுப்பது வழக்கம். அதாவது 5 வாரம். இன்று பலருக்கு 15 நாள் போதும். அதாவது 3 வாரம். பிரிட்டனில் 4,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2020-இல் வந்தது. சிலருக்கு 5 நாளிலேயே, அதாவது ஒரு வாரத்திலேயே, கொடுத்து முடிக்கலாம் என்று அது காட்டியது.

இது எல்லாருக்கும் பொருந்தாது. நோயின் நிலையைப் பொறுத்தது. ஆனாலும் மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்: "டாக்டர், நாங்கள் அந்தமானிலிருந்து வருகிறோம். எனக்குக் குறைந்த நாள் சிகிச்சை பொருந்துமா?" இந்த ஒரு கேள்வியால் பல நாள் தங்கும் செலவு மிச்சமாகலாம்.

கடல் தாண்டிப் போகும் முன்

அந்தமானிலிருந்து கதிர் சிகிச்சைக்காகப் பலர் சென்னைக்கும் வேலூருக்கும் கொல்கத்தாவுக்கும் போய் வந்திருக்கிறார்கள். விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கப்பல் ஏறக்குறைய 3 நாள். எனவே முன்யோசனை வேண்டும்.

முதலில் போர்ட் பிளேரில் உள்ள ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனையில் கேளுங்கள். எங்கே போக வேண்டும், என்ன கடிதம் வேண்டும், என்ன உதவி கிடைக்கும் என்று அங்கே தெரிந்துகொள்ளலாம். ஆயுஷ்மான் பாரத் அட்டை உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவுக்கு வழி உண்டு. போகும் மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கும், துணைக்குப் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு மருத்துவமனைச் சான்று வேண்டும்.

எல்லாக் காகிதங்களையும் ஒரே பையில் வையுங்கள். அறுவை சிகிச்சைச் சீட்டு, கட்டியைப் பரிசோதித்த முடிவு, ஸ்கேன் படங்கள் எல்லாம் வேண்டும். நகல் எடுத்து ஒரு கட்டு வீட்டிலும் இருக்கட்டும்.

திரும்பி வரும் டிக்கெட்டுக்காகச் சிகிச்சை நாளைக் குறைக்கக் கூடாது. கடைசி நாள் எது என்று கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகே டிக்கெட் எடுக்க வேண்டும். கருவி பழுது, விடுமுறை என்று ஓரிரு நாள் தள்ளிப் போகலாம். அதற்கும் இடம் விட வேண்டும்.

தோலைக் காப்பது எப்படி?

ஒன்று, இரண்டு வாரம் போனதும் கதிர் பட்ட தோல் சிவக்கும். அல்லது கறுக்கும். அரிக்கும். அக்குளிலும் மார்பின் அடி மடிப்பிலும் தோல் உரியலாம். சிகிச்சை முடிந்த பிறகும் ஓரிரு வாரம் இது கூடலாம். பிறகு ஆறி விடும். பயப்பட வேண்டாம்.

செய்ய வேண்டியவை:
• சாதாரணத் தண்ணீரில் குளிக்கலாம். மென்மையான சோப்பு போதும். தேய்க்காமல், துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும்.
• தளர்வான பருத்தி ரவிக்கை அணிய வேண்டும்.
• மருத்துவமனையில் சொன்ன களிம்பை மட்டும் தடவ வேண்டும்.
• வெயிலில் போகும்போது அந்த இடத்தைத் துணியால் மூட வேண்டும்.

செய்யக் கூடாதவை:
• மஞ்சள், பவுடர், சென்ட், தைலம் போடக் கூடாது.
• வெந்நீர் ஒத்தடமும் ஐஸ் ஒத்தடமும் கூடாது.
• சொறியக் கூடாது. அக்குள் முடியைச் சவரம் செய்யக் கூடாது.
• தோல் ஆறும் வரை கடலில் குளிக்கக் கூடாது.

தோலில் நீர் வடிந்தாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உடம்பில் அலுப்பும் இருக்கும். வேலை செய்யாமலே களைப்பு வரும். இது சோம்பல் இல்லை. சிகிச்சையின் விளைவு. பகலில் சிறிது ஓய்வு, மாலையில் சிறிது நடை இரண்டும் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, கீரை எல்லாம் சாப்பிடலாம்.

அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தக் கை வீங்கலாம். அந்தக் கையில் காயம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மீன் அரியும்போது முள் குத்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி மருந்து போட வேண்டும். கை வீங்கினாலும், சிவந்து சுட்டாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஐந்தாண்டு மாத்திரை

பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. மாதவிலக்குக்கும் கருவுக்கும் அது தேவை. ஆனால் சில மார்பகப் புற்றுநோய் செல்கள் இந்த ஹார்மோனைத் தின்றே வளர்கின்றன. அந்தச் செல்லில் ஒரு பூட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹார்மோன்தான் சாவி. சாவி நுழைந்தால் செல் வளரும்.

கட்டியைப் பரிசோதித்து அந்தப் பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதை ஈ.ஆர்., பி.ஆர். பரிசோதனை என்பார்கள். 'பாசிட்டிவ்' என்று வந்தால் மாத்திரை பயன் தரும். 'நெகட்டிவ்' என்று வந்தால் இந்த மாத்திரையால் பயன் இல்லை. அவர்களுக்கு வேறு சிகிச்சை உண்டு. எனவே பக்கத்து வீட்டு அக்கா சாப்பிடும் மாத்திரை நமக்கும் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது.

மாத்திரைகள் முக்கியமாக இரண்டு வகை.

ஒன்று டமாக்சிஃபன். இது பூட்டின் துவாரத்தை அடைத்து விடும். சாவி நுழைய முடியாது. மாதவிலக்கு நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் இதைக் கொடுப்பார்கள். 1962-இல் இங்கிலாந்தில் கருத்தடைக்காக இந்த மருந்தைச் செய்தார்கள். அதற்கு அது உதவவில்லை. பிறகு புற்றுநோய்க்கு உதவியது! பல லட்சம் பெண்களின் உயிரைக் காத்தது. பழைய மருந்து என்பதால் விலையும் குறைவு.

மற்றொன்று லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் போன்றவை. இவை சாவியே உண்டாகாமல் தடுக்கும். மாதவிலக்கு நின்றவர்களுக்குப் பெரும்பாலும் இவற்றைக் கொடுப்பார்கள்.

5 ஆண்டு டமாக்சிஃபன் சாப்பிடுவதால் எவ்வளவு நன்மை? இது இல்லாவிட்டால் இந்நோயால் இறந்திருக்கக்கூடிய ஒவ்வொரு 3 பேரில் ஏறக்குறைய ஒருவர் பிழைக்கிறார். சிலரை 10 ஆண்டு வரை சாப்பிடச் சொல்வார்கள்.

கதிர் சிகிச்சை சென்னையில் சில வாரத்தில் முடிந்து விடும். அங்கே கவனிக்க மருத்துவர் இருப்பார். நர்ஸ் இருப்பார். ஆனால் மாத்திரைச் சிகிச்சை வீட்டில் நடப்பது. தினமும் நினைவு படுத்த யாரும் வர மாட்டார்கள். உடம்பில் நோயும் தெரியாது. "நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு மாத்திரை?" என்று தோன்றும். நன்றாக இருப்பதைக் காப்பதே அந்த மாத்திரைதான்.

மாத்திரையை மறக்காமல் இருக்க:
• தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்று வைத்துக்கொள்ளலாம்.
• சாப்பிட்டதும் காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு கோடு போடுங்கள்.
• ஒரு நாள் மறந்தால், மறுநாள் இரண்டாகச் சாப்பிடக் கூடாது. வழக்கம் போல ஒன்றே போதும்.
• 10 மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி விடுங்கள். புயல் மழையில் கப்பல் வராமல் போகலாம்.
• மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

என்ன தொந்தரவு வரும்?

திடீரென்று முகமும் மார்பும் சூடாகும். வேர்த்துக் கொட்டும். சில நிமிடத்தில் அடங்கும். பருத்திப் புடவை, விசிறி, குளிர்ந்த நீர் உதவும். சூடான டீ, காபி, காரம் குறைத்துப் பார்க்கலாம். மாதவிலக்கு முன்னே பின்னே வரலாம். பிறப்புறுப்பு உலர்ந்து, உறவின்போது வலிக்கலாம். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். நர்ஸிடம் சொன்னால் அதற்கும் வழி உண்டு.

லெட்ரசோல் வகையால் மூட்டு வலிக்கலாம். எலும்பு பலம் குறையலாம். தினமும் நடப்பது நல்லது. கேழ்வரகு, பால், முள்ளோடு தின்னும் நெத்திலி போன்ற சிறு மீன்கள் நல்லவை. மருத்துவர் சொன்னால் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் சாப்பிட வேண்டும்.

தொந்தரவு பொறுக்க முடியவில்லையா? மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரைக்கு மாற்ற முடியும்.

டமாக்சிஃபன் சாப்பிடுபவர் கீழ்க்கண்ட அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவை அரிது. ஆனால் ஆபத்தானவை.
• ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது
• திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி
• மாதவிலக்கு நின்றவருக்கு மீண்டும் இரத்தம் போவது, அல்லது வழக்கத்துக்கு மாறாக அதிகம் போவது

மாத்திரை சாப்பிடும் காலத்தில் கரு உண்டாகக் கூடாது. குழந்தைக்குக் கேடு வரலாம். மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரையும் கூடாது. அதில் ஹார்மோன் இருக்கிறது. நிரோத் அல்லது காப்பர்-டி பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். சித்த மருந்து, மூலிகை, தூக்க மாத்திரை எது சாப்பிட்டாலும் அதையும் மருத்துவரிடம் சொல்லி விட வேண்டும்.

கேட்டதும் சொன்னதும்

"சிஸ்டர், கதிர் வைத்த பிறகு பேரப் பிள்ளையைத் தூக்கலாமா?"
"தாராளமாகத் தூக்குங்கம்மா. இந்தக் கதிர் உடம்பில் தங்காது. கருவியை நிறுத்தினால் கதிரும் நின்று விடும்."

"என் தட்டில் மற்றவர்கள் சாப்பிட்டால் ஒட்டிக்கொள்ளுமா?"
"ஒட்டாதும்மா. புற்றுநோய் தொற்று நோய் இல்லை."

"தலைமுடி கொட்டி விடுமா?"
"மார்புக்குக் கதிர் வைத்தால் தலைமுடி கொட்டாது. கீமோவில்தான் கொட்டும். அதுவும் பிறகு முளைத்து விடும்."

"இது முன் செய்த பாவமா சிஸ்டர்?"
"இல்லைம்மா. இது ஒரு நோய். யாருக்கும் வரலாம். ஆண்களுக்குக் கூட அபூர்வமாக வரும்."

குடும்பம் செய்ய வேண்டியது

நோயாளி வெளியூரில் இருக்கும் வாரங்களில் வீட்டில் சோறு ஆக்குவது யார்? பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது யார்? இதை முன்பே பேசி முடிக்க வேண்டும். இந்தக் கவலையால்தான் பல பெண்கள் பாதியில் ஓடி வருகிறார்கள். கணவர் வீட்டு வேலையில் பங்கு எடுக்க வேண்டும். "இன்று மாத்திரை சாப்பிட்டாயா?" என்று கேட்பதும் பெரிய உதவி.

மருத்துவர் சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை மார்பக எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதை மேமோகிராம் என்பார்கள். புதிய கட்டி, விடாத எலும்பு வலி, விடாத இருமல் இருந்தால் தேதி வரும் வரை காத்திருக்கக் கூடாது.

நினைவில் வைப்போம்

1. கட்டியை எடுத்ததோடு சிகிச்சை முடியவில்லை.
2. கதிர் சிகிச்சையை நாள் தவறாமல் எடுக்க வேண்டும்.
3. உடம்பு நன்றாக இருந்தாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.
4. தொந்தரவு வந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

படித்தோம், பேசுவோம்

1. கட்டியை எடுத்த பிறகும் கதிர் சிகிச்சை ஏன் தேவை?
2. கதிர் பட்ட தோலில் எவற்றைப் போடக் கூடாது?
3. ஈ.ஆர். பரிசோதனை எதற்காக?
4. ஒரு நாள் மாத்திரையை மறந்தால் மறுநாள் என்ன செய்ய வேண்டும்?
5. உங்கள் தெருவில் ஒரு பெண் 3 வாரம் சிகிச்சைக்கு வெளியூர் போகிறார். அவர் வீட்டுக்கு நீங்கள் என்ன உதவி செய்யலாம்?